கண்ணால் கேட்பதை நிறுத்திவிடாதீர்கள்

நீங்கள் இருவரும் அனுப்பிய குரல் செய்தியை ஓசூர் பேருந்து நிலையத்தில் நின்றபடி கேட்டேன். மறைமலை நகரில் டாங்கோ நடன வகுப்பு தொடங்கப் போகிறீர்கள், நல்ல தரை கிடைத்துவிட்டது, ஆளும் சேர்ந்துவிட்டார்கள் என்றெல்லாம் சொன்னீர்கள். தலைகால் புரியாத சந்தோஷம் எனக்கு. கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொன்னீர்கள் பாருங்கள்: "இந்தக் கண்ணால கூப்பிடற சமாச்சாரம் நம்ம ஊருக்கு சரிப்படாதுக்கா. பொண்ணுங்க கூச்சப்படறாங்க. நாங்களே ஜோடி சேத்து விட்டுடறோம்."

என் பேருந்து கிளம்பிப் போனது. நான் ஏறவில்லை. அவ்வளவு கோபம்.

எனக்கும் உங்களுக்கும் வயதில் பெரிய வித்தியாசமில்லை. முப்பதைத் தாண்டியதுமே, வேலை மாறி ஓசூர் வந்துவிட்டதால், 'ஓய்வுபெற்ற டீச்சர்' என்று நீங்கள் கிண்டல் செய்கிற ஆள் நான். ஓய்வுபெற்றவர்கள் கடிதம் எழுதுவார்கள் அல்லவா? நானும் எழுதுகிறேன். எப்படிக் கால் வைப்பது, எப்படித் திரும்புவது என்பதெல்லாம் உங்களுக்கே நன்றாகத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லப் போவதில்லை.

அர்ஜென்டினாவில் டாங்கோ ஆடும் கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆட ஆசைப்படுகிறவர் எழுந்து போய் எதிரில் நின்று கையை நீட்டக் கூடாது. இருந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும். எதிராளியும் பார்த்தால், சின்னதாக ஒரு தலையசைப்பு. அதன் பிறகுதான் எழுந்திருப்பது. எதிராளிக்கு விருப்பமில்லையா, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். கேட்டவரும் கண்ணை எடுத்துவிட வேண்டும். கதை முடிந்தது. யார் கேட்டார், யார் மறுத்தார் என்பது பக்கத்து நாற்காலிக்குக்கூடத் தெரியாது. இதற்குப் பெயர் காபெசெயோ. வேலை விஷயமாக அந்நாட்டுத் தலைநகர் புவெனஸ் ஐரிஸ் போயிருந்தபோது, முதல் நாள், அப்படியொரு கூடத்தில் ஒருவர் என் முன்னால் வந்து கையை நீட்டினார். நான் பாட்டுக்கு எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண், யாரென்றே தெரியாது, என் முழங்கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "அவன் உன்னைக் கேட்கவில்லை, கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறான்" என்றாள். அவள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

இதைத்தான் நீங்கள் 'நம்ம ஊருக்கு சரிப்படாது' என்கிறீர்கள்.

சரிப்படாதா? ஒரகடம் சாலையில் ஒரு நாள் நிதானமாகப் போய்ப் பாருங்கள். கொரிய உணவகம் இருக்கிறது. ஆலைக்கு ஆலை சுவரில் ஜப்பானியர் சொல்லிக்கொடுத்த ஒழுங்குமுறை ஒட்டியிருக்கிறது. ஜெர்மன் எந்திரத்துக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, ஆயுத பூஜை செய்கிறோம். அப்போதெல்லாம் யாருக்கும் பண்பாடு இடிக்கவில்லை. ஒரு பெண் 'இப்போது வேண்டாம்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்றால் மட்டும் அது அந்நியப் பழக்கம்! நன்றாக இருக்கிறது நியாயம்.

படப்பையில் நான் வகுப்பு தொடங்கியபோது நீங்கள் இல்லை. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மட்டும் கிடைக்கும். சில சமயம் முந்தின நாள் சாம்பார் வாசனை போகாமல் இருக்கும். ஜோடியாக ஆடும்போதுள்ள அணைப்புதான் பெரிய தலைவலியாக இருக்கும் என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். 'கட்டிப்பிடி டான்ஸா' என்று மண்டபக் காவலாளிகூடக் கேட்டுவிட்டார். அது தலைவலியே இல்லை. ஆண்கள் ஆண்களோடும், பெண்கள் பெண்களோடும் முதலில் பழகினார்கள். தோளில் கை போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போகிற பையன்கள்தானே, அவர்களுக்கு என்ன கூச்சம்? சில வாரங்களில் கலந்து ஆடுவதும் தானாக வந்துவிட்டது.

வராமல் போனது மறுப்பதுதான்.

சுகந்தியை அப்போதுதான் கவனித்தேன். சேரப்பணஞ்சேரிப் பெண். நான் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்த அதே ஆலையில் அவள் வயரிங் லைனில் ஒப்பந்தத் தொழிலாளி. முதன்முறையாகக் கண்ணால் அழைக்கச் சொன்ன அன்று அவள் முன்னால் மூன்று ஆண்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி வந்து நின்றார்கள்.

"யாருக்கும்மா சரின்னு சொன்ன?" என்றேன்.

"எல்லாருக்கும்தான்க்கா. பாத்தாங்க, தலையாட்டிட்டேன்."

"வேணாம்னா வேற பக்கம் திரும்பணும்னு சொன்னேனே?"

"எப்டிக்கா திரும்பறது? லைன்ல சூப்பர்வைசர், ஷிஃப்ட் முடிஞ்சும் ஓ.டி. நிக்கிறியான்னு கேட்டா, அவரு கேட்டு முடிக்கறதுக்குள்ள தலை தானா ஆடிடுது. அதே பழக்கம்."

வரிசையில் இரண்டாவதாக நின்றவன் தேவா. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், வாய் சும்மா இருக்காது. "அப்ப நான் சூப்பர்வைசரா? பிரமோஷன் குட்த்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ்மா" என்றான். கூடமே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஒருத்தி மட்டுமல்ல, அங்கிருந்த பெண்கள் எல்லோருமே அப்படித்தான் செய்திருந்தார்கள். பார்த்தவனுக்கெல்லாம் தலையாட்டல். அடுத்த ஞாயிறு முழுக்க யாரையும் ஆட விடவில்லை. பாட்டு ஓடும், பார்க்க வேண்டும், திரும்பிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. பெண்களுக்கு அது மறுக்கப் பயிற்சி, ஆண்களுக்கு மறுக்கப்படப் பயிற்சி. எது கஷ்டம் என்று கேட்காதீர்கள்.

"இன்னாக்கா இது, காலைலேர்ந்து பாக்கறவ எல்லாம் மூஞ்சத் திருப்பிக்கினே கீறா. எங்க வூட்லகூட இப்டி அவமானம் கெடையாது" என்று தேவா புலம்பினான்.

"செத்தா போய்ட்ட?" என்றாள் சுகந்தி.

"இல்ல."

"அப்ப இன்னான்ற?"

முறைப்பதற்கும் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே சிலருக்கு அன்றுதான் தெரிந்தது. பேருந்து நிறுத்தத்தில் முறைக்கிறவன் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. இங்கே பார்க்கிறவனுக்குப் பதில் வரும். வந்தால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பிறகு எங்கள் ஆலையின் மனிதவளப் பிரிவுக்கு விஷயம் எட்டியது. அங்கே மேலாளர் நிர்மலா மேடம். நல்லவர்தான், கிண்டலாகச் சொல்லவில்லை. பெண்களுக்கு இரவு ஷிஃப்ட் முடிந்து போக வண்டி வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கிக்கொடுத்தவர். "கல்யாண மண்டபத்துல எதுக்கு கஷ்டப்படறீங்க, நம்ம பயிற்சிக் கூடத்துலயே வெச்சுக்கோங்க" என்றார். வழவழவென்ற தரை, குளிர்சாதன வசதி, வாடகையும் கிடையாது. நாங்கள் ஓடிப் போனோம். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஆலையின் குடும்ப விழாவில் எங்கள் ஆட்கள் மேடையேற வேண்டும். எங்களிடம் பொருள் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள், அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

அந்த மாதம்தான் ஒப்பந்தத் தொழிலாளர்களில் யாரை நிரந்தரம் செய்வது என்று முடிவாக இருந்தது. சுகந்திக்கு வாய்ப்பு உறுதி என்று லைனில் எல்லோருமே பேசிக்கொண்டார்கள். கடைசி வார்த்தை பொது மேலாளருடையது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

விழா நாள் காலை எங்கள் ஆட்கள் அருமையாக ஆடினார்கள். விருந்தினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தச் சூட்டில் நிர்மலா மேடம் ஒலிவாங்கியைப் பிடித்து, "இப்போ எல்லாரும் சேர்ந்து ஆடலாம்" என்று அறிவித்துவிட்டார். நான் பாட்டுப் போடும் மேசையில் இருந்தேன். அடுத்த பாட்டு தொடங்கியது. பொது மேலாளர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூடத்தின் குறுக்கே நடந்தார். நேராக, நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுகந்தி முன்னால் போய் நின்று கையை நீட்டினார்.

"வாம்மா, ஒரு ரவுண்டு."

சுகந்தி அவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் கையை மடக்கவில்லை. வழக்கம் தெரியாதவர், புரியாமல் இருக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ, வாய் திறந்தும் சொன்னாள். "இந்தப் பாட்டுக்கு வேணாம் சார்."

மரியாதையாகத்தான் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே நின்றார். கை நீட்டியபடியே இருந்தது. கூடத்தில் எல்லாக் கண்ணும் அந்தக் கையில்.

நிர்மலா மேடம் என் மேசைக்கு ஓடி வந்தார். "போய் அவளை எழுப்பு. இல்லன்னா நீயாவது போய் ஆடு. சமாளி!"

"சார் கேட்டாச்சு, அவ பதில் சொல்லியாச்சு. முடிஞ்சுது மேடம்."

"என்ன முடிஞ்சுது? கஸ்டமர் பாத்துட்டு இருக்காங்க!"

"நான் போனா, அவ சொன்னது செல்லாதுன்னு ஆயிடும்."

உங்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் வரும், அதனால் இதை மட்டும் நிறுத்திச் சொல்கிறேன். அப்போது இரண்டு ஆசை வரும். ஒன்று, பாட்டை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கி கெட்டுப்போனது என்று பொய் சொல்லலாம். இரண்டு, நீங்களே ஓடிப் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டுமே நல்லெண்ணம்தான். இரண்டுமே ஒரு பெண் சொன்ன சொல்லை, நடக்கக் கூடாத விபத்து மாதிரி துடைத்துப் போடுகிற வேலை. நான் பாட்டை ஓட விட்டேன்.

போனவர் நிர்மலா மேடம். "சார், நான் வரக் கூடாதா?" என்று பெரிதாகச் சிரித்தபடி போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஆடவே தெரியாது. பாட்டு முடியும் வரை பொது மேலாளர் அவரை இழுத்துக்கொண்டு சுற்றினார். விருந்தினர்கள் கைதட்டினார்கள். அவர் தோளுக்கு மேலே மேடத்தின் முகம் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது, ஒட்டவைத்த மாதிரி.

திங்கட்கிழமை நிர்மலா மேடம் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். சுகந்தி மன்னிப்புக் கேட்க வேண்டும், வாயால் சொன்னால் போதும், அவளை நான்தான் சம்மதிக்க வைக்க வேண்டும். எனக்கு ரத்தம் கொதித்தது. முடியாது என்று அங்கேயே கத்தியிருப்பேன். ஆனால் நிரந்தரம் ஆக வேண்டியவள் நானில்லை. என் கோபத்துக்கு இன்னொருத்தியின் வேலையைப் பணயம் வைக்க எனக்கு யார் உரிமை கொடுத்தது? "சொல்றேன் மேடம். சம்மதிக்க வைக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

டீ இடைவேளையில் சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை.

"மன்னிப்புதானேக்கா? கேட்டுட்டாப் போச்சு. வாயில இருக்கிற முத்தா கொட்டிடப் போவுது? எங்கூட்ல இந்த வேலைய நம்பித்தான் கீறாங்க."

"உன் இஷ்டம். எது செஞ்சாலும் நான் கூட வர்றேன்."

"கேக்கறேன். ஆனா எதுக்குன்னு ஒரு தபா அவங்கள சொல்லச் சொல்லுங்க. தெரியாம எப்டிக் கேக்கறது?"

இருவருமாகப் போனோம். நிர்மலா மேடம் கதவைச் சாத்தினார்.

"என்ன தப்புன்னு சொல்லுங்க மேடம். அப்டியே திருப்பிச் சொல்லிடறேன்" என்றாள் சுகந்தி. குரலில் துளி கிண்டல் இல்லை.

"பெரியவர் கூப்பிட்டாரு. நீ வரலை. அதுவும் எல்லார் முன்னாடியும்."

"கூப்ட்டா வரணும்னா, அது டூட்டிதான மேடம்? டூட்டின்னு சொல்லுங்க. ஓ.டி. போட்டுக் குடுங்க. வந்து ஆடிட்டுப் போறேன்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மேடம் சிரிக்கவில்லை. மேசையில் ஓங்கி அடித்தார்.

"உனக்கென்னடி! நீ பாட்டுக்குத் திரும்பிக்கிட்ட! நீ வேணாம்னதுக்கு நான் இல்ல போய் ஆட வேண்டியதாப் போச்சு!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே கேட்டது போலிருந்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்களப் போச் சொன்னது யாரு மேடம்?" என்று சுகந்தி கேட்டாள்.

"போ. லைனுக்குப் போ."

மன்னிப்பு கேட்கப்படவில்லை. சுகந்தி நிரந்தரம் ஆகவில்லை. 'மனப்பாங்கு சரியில்லை' என்று காரணம் சொன்னார்கள். ஒரு நாள்கூடப் பிந்தி வராத, லைனில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்த பெண்ணுக்கு மனப்பாங்கு சரியில்லை! கையை நீட்டிக்கொண்டு நின்றவரின் மனப்பாங்கை யார் அளந்தார்கள்? புகார் கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். பெண்களின் புகாரை விசாரிக்க ஆலையில் ஒரு குழு இருந்தது. அதற்குத் தலைவர் யார் தெரியுமா? நிர்மலா மேடம்! ஆனாலும் கொடுத்தோம். 'அவர் நடனமாடத்தானே அழைத்தார்' என்று பதில் வந்தது. அதே வாரம் பயிற்சிக் கூடம் பராமரிப்புப் பணிக்காகப் பூட்டப்பட்டது. நான் அங்கிருந்த வரை அந்தப் பராமரிப்பு முடியவே இல்லை.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஜோடி சேர்த்து விடுவது கருணை மாதிரித் தெரியும். கூச்சப்படுகிற பெண்ணுக்கு உதவி மாதிரித் தெரியும். உண்மையில், அவள் மறுப்பதற்கு இருந்த ஒரே இடத்தையும் நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். வீட்டில் அப்பா, லைனில் சூப்பர்வைசர், வகுப்பில் நீங்கள். கூச்சம் இருந்தால் இருக்கட்டும். இரண்டு வாரம், மூன்று வாரம் யாருமே ஆடாமல் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. அணைப்பை வேண்டுமானால் தள்ளிவையுங்கள். ஸ்பானியப் பெயர்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பெயர் வையுங்கள். இசைக்கு நடுவே பறை வாசிக்க ஆசையா, வாசியுங்கள், நானும் ஓசூரிலிருந்து கேட்க வருகிறேன். இது ஒன்றில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நாங்கள் படப்பை மண்டபத்துக்கே திரும்பினோம். ஒப்பந்தம் முடிந்து, சில மாதங்கள் அலைந்த பிறகு, சுகந்திக்கு வேறு ஆலையில் வேலை கிடைத்தது, மறுபடியும் ஒப்பந்தம்தான். ஞாயிற்றுக்கிழமை வருவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

ஒரு ஞாயிறு, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, வாசலில் நிர்மலா மேடம் நின்றார். சாதாரணச் சுடிதார், கழுத்தில் அட்டை இல்லை. உள்ளே வரட்டுமா என்று கேட்டார். வாங்க என்றேன். சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சுகந்தி என்னை ஒரு மூலைக்கு இழுத்துப் போனாள். "இவங்க எதுக்குக்கா இங்க?"

"தெரியல."

"நான் இவங்களோட ஆட மாட்டேன். சொல்லிட்டேன்."

"ஆட வேணாம். அந்தப் பக்கம் பாக்காத. அவ்ளோதான்."

அவள் பார்க்கவில்லை. தேவாவோடு ஆடப் போய்விட்டாள். எனக்கும் மேடத்தின் மீது கோபம் தீர்ந்திருக்கவில்லை, இன்றும் முழுசாகத் தீரவில்லை. ஆனால் வாசலை மூடவும் மனம் வரவில்லை.

அடுத்த சுற்றுப் பாட்டு தொடங்கியது. தேவா எதிர்ச் சுவரிலிருந்து மேடத்தைப் பார்த்தான். அவர் சட்டென்று தரையைப் பார்த்தார். தேவா கண்ணை எடுத்துக்கொண்டு வேறொரு பெண்ணைப் பார்த்தான், அவள் தலையசைத்தாள், ஆடப் போனார்கள். இன்னொருவர் பார்த்தார். மேடம் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். பார்த்தவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். யாரும் முகம் சுளிக்கவில்லை. யாரும் அருகில் போய் நிற்கவில்லை. சுற்று முடிந்தது.

நான் தண்ணீர் பாட்டிலோடு அவர் பக்கம் போனேன். அவர் கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் வந்து என்னை எழுப்பலையே" என்றார்.

"நீங்க யாரையும் பாக்கலையே மேடம்."

பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு சுற்று இப்படியே உட்காந்திருக்கட்டுமா?"

"உட்காருங்க" என்றேன். அடுத்த பாட்டைப் போடப் போனேன்.